வெள்ளிக்கிழமைச் சொல்

கிரிம்ஸ்பி துறைமுகம், ஐம்பத்தைந்து ஜனவரி.
இருபது பேரோடு போன ஒரு மீன்பிடிக் கப்பல்
வடக்கே எங்கோ பேச்சை நிறுத்தியது.
பெயர் கிட்டிவேக். அது ஒரு கடற்பறவை.

கம்பெனி மாடியில்
வின்னிஃப்ரெட் பிளாஞ்சர்டுக்கு வேலை
தினம் ஒரு தாள் தட்டச்சு செய்து
கீழே கண்ணாடிக் கதவில் ஒட்டுவது.
இடப்பக்கம் கப்பலின் பெயர்,
வலப்பக்கம் ஒரே ஒரு சொல்.

முதலில் 'அவே'.
அதில் கவலை ஏதுமில்லை.
பால்காரனிடமும் சொல்கிற சொல்தான்:
அவர் வெளியே போயிருக்கிறார், அரைப் புட்டி குறைத்துப் போடு.

'லேட்' பஸ்ஸுக்குச் சொல்வது.

'ஓவர்டியூ' நூலகப் புத்தகத்துக்கும்
அடகுக் கடைக் கடிகாரத்துக்கும்.
கெடு தாண்டிவிட்டது, அவ்வளவுதான்,
அபராதம் கட்டினால் கைக்கு வரும்.

'மிஸ்ஸிங்' சட்டைப் பொத்தானுக்கு.
இங்கேதான் எங்கோ கிடக்கும், குனிந்து தேடு.

பிறகு 'லாஸ்ட்'.
அதற்கப்பால் தட்ட ஒன்றுமில்லை.

அகராதியில் இவை ஒரே தெருக்காரர்கள்,
இந்த வீட்டில் இல்லையென்றால் அந்த வீட்டில்
கைமாற்று வாங்கிக்கொள்ளலாம்.
சம்பளப் பேரேடு அப்படியில்லை.
'லாஸ்ட்' என்று ஒட்டிய நாளோடு
இருபது வீட்டுக்கும் காசு நின்றுவிடும்.

டோரா ஹெபிள்வைட் தினமும் வந்தாள்.
ஆள் கடலுக்குக் கிளம்பும் நாளில்
துணி துவைக்கக் கூடாது அந்தத் தெருவில்.
துவைத்தால் அலை அவனைக் கழுவிக்கொண்டு போகும்.
அவள் அந்த ஒரு நாளைப்
பத்தொன்பது நாளாக இழுத்து வைத்திருந்தாள்.
கூடையில் அவனுடைய ஐந்து சட்டைகள்,
காலர் அழுக்கு கலையாமல்.

கண்ணாடியில் விரல் வைத்துப் படித்துவிட்டு
மேலே ஏறி வந்து கேட்டாள்:
"மிஸ்ஸிங் என்றால்
ஓவர்டியூவைவிட எத்தனை மைல்?"

சுவர் முழுக்க வரைபடம் இருந்தது.
ஐஸ்லாந்துக்கு மைல் இருந்தது,
மீன் கிடைக்கும் ஆழத்துக்கு எண் இருந்தது.
வின்னிஃப்ரெட் கார்பன் தாளை
மறுபடி நேராக்கினாள்.

என் மொழியாக இருந்தால் மாட்டிக்கொண்டிருப்பாள்.
நமக்குத் தொலைவும் தொலைதலும் ஒரே வேர்.
ரொம்பத் தொலைவில் இருக்கிறார் என்று
ஆறுதலாக ஆரம்பித்து
வாய் தவறினால் முடிந்தது கதை.
ஆங்கிலம் இரண்டுக்கும் நடுவே
கொஞ்சம் காலியிடம் விட்டிருந்தது.
அந்த இடத்தில்தான் அவள்
ஒரு வெள்ளிக்கிழமையை வைத்தாள்.

வியாழன் மாலை மேலாளர் ஆக்டன்
உட்காராமல், தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே
சொல்லைச் சொன்னார்.
வெள்ளி, சம்பள நாள்.
அவள் விரல் முதல் எழுத்தின் மேல் நின்றது,
நகர்ந்தது, வேறு ஒன்றை அழுத்தியது.
பாதியில் சிக்கிய எழுத்துக் கம்பியை
நகத்தால் கீழே தள்ளிவிட்டு
முழுச் சொல்லையும் தட்டி முடித்தாள்: ஓவர்டியூ.

அவர் படித்தார்.
"இதில் ஒரு பிழை இருக்கிறது, மிஸ் பிளாஞ்சர்ட்."
"எழுத்துப் பிழையா, சார்?"
ஜன்னலுக்கு வெளியே ஐஸ் வண்டி ஒன்று
பின்னால் நகர்ந்து பின்னால் நகர்ந்து
சுவரில் இடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு பேனா மூடியைத் திறந்தார்.

வெள்ளியன்று இருபது பழுப்பு உறைகள்.

திங்களன்று அந்தச் சொல் வந்தது.
டோரா படித்தாள். மாடிக்கு வரவில்லை.
மத்தியானம் கொடியில் நான்கு சட்டைகள்தான்
என்று யாரோ எண்ணிச் சொன்னார்கள்.

மார்ச்சில் காப்பீட்டுப் படிவங்கள் வந்தன.
ஒவ்வொன்றிலும் முதல் வரியை நிரப்பவேண்டியவள் அவள்.
லேட் லெனர்ட் ஹெபிள்வைட்.
பஸ்ஸுக்குச் சொன்ன அதே சொல்.
தாளை உருவி வெளிச்சத்தில் பிடித்து
எழுத்து எழுத்தாகப் பார்த்தாள்.

பிழை இல்லை.